கேள்விக்குறிகளாகத் தெரிந்த கோப்புகள்

ஃபோட்டோஷாப்புக்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள். அது படத்தை மாற்றுகிற மென்பொருள். படத்தைத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சின்ன மென்பொருளுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. அது ஜன்னல் கண்ணாடி மாதிரி, சுத்தமாக இருக்கிறவரை கண்ணுக்கே தெரியாது. ஆனால் இவற்றை எழுதியவர்கள், பெரும்பாலும் தனி ஆட்கள், ஒவ்வொரு பதிப்போடும் ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார்கள். என்ன புதுசு, எந்தப் பிழை சரியானது, யார் அதைச் சொன்னது, அவ்வளவுதான். வரிசையாக உட்கார்ந்து படித்தால் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது வருடக் கணினி வரலாறு அதற்குள்தான் கிடக்கிறது.

யூனிக்ஸ் கணினிகளில் படம் பார்க்க ஒருகாலத்தில் எல்லோரும் வைத்திருந்தது எக்ஸ்வி. அமெரிக்காவில் ஜான் பிராட்லி எழுதியது, விலை 25 டாலர். அதன் 3.10ஏ பதிப்பு 1994 டிசம்பரில் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து புதிய பதிப்பு வரவில்லை.

அதே டிசம்பரில்தான் இன்னொரு குண்டும் விழுந்தது. கிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருப்பதால், மென்பொருள் எழுதுகிறவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. கம்ப்யூசெர்வ் 1987-இல் வெளியிட்டு உலகமே இலவசம் என்று நினைத்துப் பயன்படுத்திய வடிவம் அது. கோபம் கொண்ட நிரலாளர்கள் 1995 ஜனவரியிலேயே மாற்று வடிவம் ஒன்றை வரையத் தொடங்கினார்கள். அதுதான் பிஎன்ஜி, 1996 அக்டோபரில் டபிள்யூ3சி அதை ஏற்றுக்கொண்டது. எக்ஸ்வியோ 1994-இல் உறைந்து நின்றது. அதற்கு பிஎன்ஜி பார்க்கக் கற்றுக்கொடுத்தது, வெளியிலிருந்தவர்கள் எழுதிய ஒட்டுநிரல்கள். அவற்றைப் பல வருடம் சேர்த்து ஒழுங்குபடுத்தியவர் கிரெக் ரோலோஃப்ஸ், பிஎன்ஜியை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆசிரியர் எழுந்து போன பிறகு வாசகர்கள் தொடர்ந்து எழுதிய புத்தகம் என்று இதைச் சொல்லலாம்.

விண்டோஸ் பக்கம் கதை வேறு. போஸ்னியாவில் பிறந்து வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இல் இர்ஃபான்வியூவை வெளியிட்டார். மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்தார். வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு இலவசம். பல ஆண்டுகள் அது ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும் அளவில்தான் இருந்தது. இன்றும் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. அவருடைய குறிப்புகளில் விளம்பர வாசகமே இருக்காது. இந்த வடிவம் இப்போது திறக்கும், அந்தப் பிழை போனது, சொன்னவருக்கு நன்றி. பெரிய நிறுவனங்கள் இப்போதெல்லாம் 'பிழைகளைச் சரிசெய்து செயல்திறனை மேம்படுத்தியுள்ளோம்' என்று ஒரே வாக்கியத்தை எல்லாப் பதிப்புக்கும் ஒட்டுகிறார்கள். என்ன பிழை, யாருக்கு வந்தது? தெரியாது. எனக்கு அது பொய்யைவிட மோசமாகப் படுகிறது.

நம் மொழி இந்தக் கதைக்குள் வரும் இடம் கோப்பின் பெயர்.

பழைய விண்டோஸ் மென்பொருள்கள் எழுத்துகளைக் காட்ட 'கோட் பேஜ்' எனும் அட்டவணைகளை நம்பின. தாய்லாந்து மொழிக்கு 874, எளிய சீனத்துக்கு 936, வியட்நாமியத்துக்கு 1258. கணினியின் மொழியை மாற்றினால் அந்தப் பெயர்கள் ஒழுங்காகத் தெரியும். தமிழுக்கு அப்படித் தேர்ந்தெடுக்க ஒரு அட்டவணையே கிடையாது. யூனிகோடில் 1991-இலேயே நமக்கு இடம் கிடைத்துவிட்டது, விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவும் வந்துவிட்டது. ஆனால் மென்பொருளும் யூனிகோடில் எழுதப்பட்டிருந்தால்தான் பயன். இல்லையென்றால் கோப்புறையில் 'அப்பா திருமணம்' என்று அழகாகத் தெரியும் படம், பார்வை மென்பொருளுக்குள் போனதும் வெறும் கேள்விக்குறி வரிசை. தெரிவது மட்டும் பிரச்சனை இல்லை. விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கே அனுமதி கிடையாது. அதனால் மென்பொருள் அந்தப் பெயரில் தேடி, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். சீனருக்கு ஒரு சுற்றுவழி இருந்தது, நமக்கு அதுவும் இல்லை. இர்ஃபான்வியூவில் யூனிகோடு பெயர்களுக்கான வசதி நான்காம் வரிசைப் பதிப்புகளில்தான் வந்தது. குறிப்பில் அது ஒரு வரி, ஆனால் தமிழுக்கு அதுதான் கதவு.

எல்லாருக்கும் எல்லாப் புதுப்பிப்பும் தேவை என்றும் சொல்ல முடியாது. நான் வேலை செய்யும் தெப்ராவ் தொழிற்பேட்டையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் கேமராவின் படங்களைப் பார்க்க ஒரு பழைய கணினி இருக்கிறது. அதிலிருக்கும் பார்வை மென்பொருளை யாரும் தொடுவதில்லை. இணையத் தொடர்பு இல்லாத கணினி, ஓடுகிற மெஷினை எதற்கு நோண்டணும் என்பார்கள். சரிதான். ஆனால் 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலகத்தில் ஒரு ஓட்டை வெளியானது. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு படத்தைத் திறந்தாலே போதும், கணினி அடுத்தவன் கைக்குப் போகலாம். குரோம் அவசரமாகத் திருத்தியது. அதே நிரலகத்தைச் சேர்த்திருந்த எத்தனையோ சின்ன மென்பொருள்களுக்கும் அந்த வேலை வந்தது. பெரிய நிறுவனத்திடம் அதற்கென்று ஒரு குழு இருக்கும். தனி ஆள் ஆபீஸ் முடிந்து வந்து இரவில் உட்கார வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட தனி ஆள் நம்மிடமும் உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் மலேசியாவில் தொடங்கிய முரசு, பிறகு முரசு அஞ்சல் ஆனது. டாஸில் தொடங்கி, விண்டோஸ், மேக் வழியாக, 2005-இல் செல்லினமாகக் கைப்பேசிக்குள் வந்தது. படத்தைக் காட்டவில்லை, எழுத்தைக் காட்டியது. ஆனால் திரைக்கு எழுத்தும் ஒரு படம்தானே. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலம் அது. 1999-இல் சென்னையில் டேப், டேம் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவானதைப் பற்றிக் கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ்க் கணினி வரலாற்றை நாம் மாநாடுகளின் வரலாறாகத்தான் எழுதி வைத்திருக்கிறோம் — யார் விளக்கேற்றினார், யார் தலைமை தாங்கினார். எந்தப் பதிப்பில் 'ஸ்ரீ' உடையாமல் வந்தது, எந்தப் பதிப்பில் ஒற்றைக்கொம்பு சரியான பக்கம் போய் உட்கார்ந்தது என்பது மாநாட்டு மலரில் இருக்காது. அது பதிப்புக் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்புகளை யாராவது நூலகத்தில் வைக்க வேண்டும்.

கேள்விக்குறிகளின் காலம் முடிந்துவிட்டது. வியட்நாமிலிருந்து டுவோங் டியூ பாப் 2010-இல் தொடங்கிய இமேஜ்கிளாஸ் போன்ற புதியவற்றைத் திறந்தால் தமிழ்ப் பெயர் இயல்பாகத் தெரிகிறது. பழக்கம்தான் மாறவில்லை. பழைய சிற்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பும் நண்பர்கள் இன்றும் கோப்புக்கு ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கிறார்கள். 'இதழ்' என்பதை ஒருத்தர் டி போட்டு எழுதுகிறார், ஒருத்தர் டிஎச் போடுகிறார், கடைசி ழ-வுக்கு இசட்எச், எல், சிலருக்கு வெறும் இசட். என் வன்தட்டில் ஒரே இதழ் மூன்று பெயர்களில் மூன்று இடத்தில் இருக்கிறது. தேடினால் ஒன்றுதான் வரும்.