கோமாளியின் குரல்: இந்தோனேசிய நாடகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இந்தோனேசிய நாடக வரலாற்றை, அரங்கு, திரைப்படம், தொலைக்காட்சி என்னும் மூன்று ஊடகங்களின் தொடர்வளர்ச்சியாக மட்டும் நோக்குவது பொருந்தாது. பார்வையாளர் முன்னிலையில் எதனைப் பேசலாம் என்பதை யார் தீர்மானித்தனர் என்னும் வினாவும் அவ்வரலாற்றினூடே தொடர்ந்து வருகின்றது.

கி.பி. 907ஆம் ஆண்டுக்குரிய ஜாவானியச் சாசனமொன்று வயாங் நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றது. இன்று வயாங் குலித் எனப்படும் தோற்பாவை நிழற்கூத்தில், தலாங் எனப்படும் ஒரே கலைஞர் விடியும்வரை எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். கதைகளிற் பல இராமாயண, மகாபாரதக் கதைகளே. ஆயினும், மூல இதிகாசங்களில் இடம்பெறாத செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்னும் கோமாளிப் பணியாளர் இங்குத் தோன்றுகின்றனர். இவர்கள் ஊர்ப் பேச்சில் அன்றாடப் பிரச்சினைகளை எள்ளி நகையாடுவர். முழுமையான எழுத்துப்பிரதி இன்மையால், தலாங் அவ்விடத்திலேயே புனைந்துரைக்கும் சுதந்திரம் பெற்றிருந்தார்.

இச்சுதந்திரம் ஆபத்தற்றதன்று. கிழக்கு ஜாவாவின் லூட்ருக் நாடகக் கலைஞர் சாக் துராசிம், யப்பானியர் ஆட்சியில் மக்கள் படும் துன்பத்தை மேடையிற் பாடியமைக்காகச் சிறைப்பட்டு, 1944இல் மறைந்தார். மறுபுறம், சுகார்த்தோவின் ‘புதிய ஒழுங்கு’ அரசு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு வயாங்கைப் பயன்படுத்தியது. கோமாளியின் வாயை அடைக்கவும் இரவல் பெறவும் அதிகாரம் அறிந்திருந்தது.

1891இல் சுரபாயாவில் தோன்றிய கொமெடி ஸ்தம்பூல், மலாய் மொழி வாயிலாகப் பல்லினப் பார்வையாளரை ஒன்றுசேர்த்தது. நகர்ப்புறத் தொழில்முறை அரங்கு இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்கையில் திரைப்படமும் வந்தது. உள்நாட்டில் முதற் கதைப்படமான ‘லூத்துங் கசாருங்’ 1926இல் வெளிவந்தது. ஒல்லாந்தரின் தணிக்கைச் சட்டமோ அதற்குப் பத்தாண்டு முன்னர், 1916இலேயே, பிறந்துவிட்டது. படச்சுருளை வெளியிடுமுன் பார்த்து வெட்டலாம். அவ்விடத்திற் பிறக்கும் சொல்லை அவ்வாறு வெட்ட இயலாது. யப்பானியர் காலத்தில் ‘மாயா’ நாடகக் குழுவில் இயங்கிய உஸ்மார் இஸ்மாயில், 1950இல் ‘தாரா தான் தோஆ’ படத்தை உருவாக்கி, தேசியத் திரைப்படத்துக்கு அடித்தளமிட்டார்.

1962இல் ஆரம்பமான அரச தொலைக்காட்சி, 1989 வரை தனியுரிமையுடன் விளங்கியது. அக்காலத்தில் விமர்சனக் குரல் அரங்கையே நாடியது. ரெந்த்ராவின் ‘நாகர் குலத்தின் போராட்டம்’ (1975), கற்பனை நாடொன்றின் கதையாக நிகழ்கால ஆட்சியைச் சாடியது. அதனை எடுத்துரைக்கும் பாத்திரம் ஒரு தலாங் என்பது மனங்கொள்ளத்தக்கது. ரெந்த்ரா 1978இல் கைதானார்.

1989இன் பின்னர் தனியார் தொலைக்காட்சியும் ‘சினெத்ரோன்’ எனப்படும் தொடர்நாடகங்களும் பெருகின. 1994இல் தொடங்கிய ‘சி தூல்’ தொடர், ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களின் பேச்சையும் நகைச்சுவையையும் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பெத்தாவி மக்களின் லெனோங் அரங்கில் வளர்ந்த கலைஞரும் அதில் நடித்தனர். எனினும், அரசின் பிடி தளர்ந்தவிடத்தில் விளம்பரதாரரின் விருப்பு புகுந்தது.

ஆகவே, புதிய ஊடகம் பழைய அரங்கை விழுங்கிவிட்டது எனக் கொள்வது தவறாகும். கோமாளி திரைக்கும் தொலைக்காட்சிக்கும் இடம்பெயர்ந்துள்ளான். ஆனால், எதிரில் அமர்ந்திருக்கும் மக்களின் முகம்பார்த்து, முன்னனுமதியின்றிப் பேசும் உரிமையை அவன் அங்கு முழுமையாகப் பெறவில்லை. மரபரங்கு பேணப்பட வேண்டியதற்குப் பழைமை மட்டுமன்று, அவ்வுரிமையும் காரணமாகும்.