இம்பாக்ட் ஆய்வின் முதல் மாதம்: இரட்டை மூச்சுக்குழாய் விரிப்பானுக்கு எதிரான சான்று பற்றி

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இரண்டு மூச்சுக்குழாய் விரிப்பான்களை ஒரே இன்ஹேலரில் தந்தால் போதுமா, கூடவே ஸ்டீராய்டும் வேண்டுமா என்ற வழக்கு 2018-இல் முடிந்துவிட்டதாக ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அவர்கள் கையில் இருக்கும் தீர்ப்பு இம்பாக்ட் ஆய்வு. ஸ்டீராய்டால் பயனே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. மருத்துவர் ஒருவர் முதன்முதலாக மருந்துச்சீட்டு எழுதும்போது எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு இம்பாக்ட் விடை தரவில்லை, தரவும் முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை என் தரப்புக்குச் சாதகமாக இல்லை. 10,355 நோயாளிகள், 52 வாரங்கள், மூன்று பிரிவுகள், 2:2:1 என்ற விகிதம். ஃபுளூட்டிகசோன் ஃப்யூரோயேட், உமெக்லிடினியம், விலாண்டரால் என்ற மூன்றும் சேர்ந்த இன்ஹேலரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.91 தடவை நோய் மிதமாகவோ கடுமையாகவோ தீவிரமடைந்தது. ஸ்டீராய்டும் விலாண்டராலும் எடுத்தவர்களுக்கு 1.07. உமெக்லிடினியமும் விலாண்டராலும் மட்டும், அதாவது இரட்டை விரிப்பான் எடுத்தவர்களுக்கு 1.21. மூன்று மருந்து இரண்டைவிட 25 சதவீதம் மேல் என்று இதைப் படிக்கிறார்கள். நிமோனியா இரட்டை விரிப்பான் பிரிவில் 5 சதவீதம், மும்மருந்துப் பிரிவில் 8 சதவீதம். இந்தக் கணக்கை அப்படியே நம்பினால், மூன்று நான்கு பேருக்கு ஓராண்டு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்தால் ஒரு தீவிரமடைதலைத் தடுக்கலாம். விலையாக நூறு பேரில் மூவருக்குக் கூடுதலாக நிமோனியா வரும். எந்த மருத்துவரும் ஏற்கக்கூடிய பேரம்தான். ஆனால் 1.21 என்பது எதை அளக்கிறது?

இம்பாக்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஃப்ளேம் ஆய்வில் விடை நேர்மாறாக இருந்தது. அங்கே இன்டாகேட்டரால்–கிளைகோபைரோனியம் என்ற இரட்டை விரிப்பான், சால்மெட்டரால்–ஃபுளூட்டிகசோன் என்ற விரிப்பான்–ஸ்டீராய்டு இணையை வென்றது: மிதமான, கடுமையான தீவிரமடைதல் ஆண்டுக்கு 0.98 எதிர் 1.19. மூலக்கூறுகள் வேறு, இன்ஹேலர் சாதனம் வேறு, ஒன்று நாளுக்கு ஒரு முறை, மற்றது இரு முறை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒரே மருந்து வகைகளை எதிரெதிரே நிறுத்திய இரு பெரிய ஆய்வுகள் எதிர்த் திசைகளில் போவதற்கு இந்த வேறுபாடுகள் போதாது. நோயாளிகள் ஆய்வுக்குள் எந்த வாசல் வழியே வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஃப்ளேமில் எல்லோரும் நான்கு வாரம் டையோட்ரோபியம் என்ற ஒற்றை விரிப்பானை மட்டும் எடுத்தார்கள். ஸ்டீராய்டு எடுத்துவந்தவர்கள் அதை அங்கேயே நிறுத்தினார்கள். பிறகுதான் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஸ்டீராய்டு நின்றதும் தடுமாறக்கூடியவர்களுக்கு அந்த நான்கு வாரமே ஒரு சல்லடை. மேலும், பிரித்த நாளில் சால்மெட்டரால்–ஃபுளூட்டிகசோன் பிரிவினர் எல்லோரும் டையோட்ரோபியத்தை இழந்தார்கள். ஆகவே ஃப்ளேமை இரட்டை விரிப்பானின் தூய வெற்றியாகக் கொண்டாடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஃப்ளேமைச் சந்தேகிப்பவர்கள் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இம்பாக்டைப் பார்ப்பதில்லை.

இம்பாக்டில் முன்னோட்டக் காலம் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அவரவர் பழைய மருந்தே தொடர்ந்தது. உள்ளே வந்தவர்களில் சுமார் பத்தில் ஏழு பேர் ஏற்கெனவே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் மூன்று வகை மருந்தும் எடுத்தவர்கள். தற்போது ஆஸ்துமா உள்ளவர்கள் விலக்கப்பட்டார்கள். முன்னொரு காலத்தில் ஆஸ்துமா இருந்தவர்கள் விலக்கப்படவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் இரட்டை விரிப்பான் பிரிவில் விழுந்தால் அன்று அவருக்கு நேர்வது ஒன்றே: நேற்றுவரை எடுத்த ஸ்டீராய்டு, படிப்படியாகக் குறைக்கப்படாமல், ஒரே நாளில் நின்றுபோகிறது. மும்மருந்துப் பிரிவில் விழுந்தவருக்கு எதுவும் நிற்கவில்லை.

இதன் தடயம் கப்லான்–மேயர் வளைகோட்டில் கண்ணுக்கே தெரிகிறது. ஆண்டு முழுவதும் வேலை செய்யும் ஒரு தடுப்பு மருந்தின் பயன் இரு கோடுகளையும் மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் தீவிரமடைதல்வரை ஆன காலத்தைக் காட்டும் இம்பாக்டின் படத்தில் இரட்டை விரிப்பான் பிரிவின் கோடு முதல் மாதத்திலேயே சட்டென்று பிரிகிறது. அதன் பிறகு இடைவெளி பெரிதாக விரிவதில்லை. இரு கோடுகளும் ஏறக்குறைய இணையாகவே ஓடுகின்றன. தாளின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால், இம்பாக்ட் கட்டுரையின் தலைப்புச் செய்தியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று யாரும் சோதித்துக்கொள்ளலாம்.

இதற்கு மறுதரப்பு சொல்லும் பதில் வலுவானது. முதல் முப்பது நாள் தரவை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் மும்மருந்தின் பயன் நிற்கிறது என்று பின்னாய்வு காட்டியது: 25 சதவீதம் 19 ஆகக் குறைந்தது, மறையவில்லை. இந்தப் பதில் போதாது என்று நான் கருதக் காரணம் நோயின் இயல்பே. தீவிரமடைதல்கள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. ஒரு தடவை நோய் முற்றியவருக்கு அடுத்த எட்டு வாரங்களில் இன்னொன்று வரும் வாய்ப்பு கூடுதல். ஆண்டு விகிதம் என்பது முதல் நிகழ்வை மட்டுமல்லாமல் எல்லா நிகழ்வுகளையும் எண்ணுகிறது. முதல் மாதத்தில் ஸ்டீராய்டு நின்றதால் விழுந்தவர் மூன்றாம் மாதம் மறுபடி விழுந்தால், முதல் விழுகை நீக்கப்பட்டாலும் இரண்டாவது கணக்கில் இருக்கிறது. முப்பது நாளை வெட்டுவது காரணத்தை நீக்கிவிட்டு விளைவை வைத்துக்கொள்வதாகும்.

அதே பின்னாய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. முன்பு ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் மும்மருந்தின் பயன் 29 சதவீதம். எடுக்காதவர்களிடம் 12 சதவீதம், அதுவும் புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. புதிதாகத் தொடங்குபவர் யாரைப் போன்றவர்? இரண்டாம் குழுவைப் போன்றவர். மருத்துவமனைச் சேர்க்கைவரை போன கடுமையான நிகழ்வுகள் அந்தக் குழுவிலும் குறைந்தனவே என்று கேட்கலாம். சிறிய துணைக்குழு, நிகழ்வுகளும் குறைவு. அதன்மேல் ஒரு வழிகாட்டு நெறியைக் கட்ட முடியாது.

இரத்தத்தின் ஈசினோஃபில் வெள்ளணு எண்ணிக்கையை வைத்து எழுப்பப்படும் வாதத்துக்கு நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் எதிர்த்தரப்பின் முதுகெலும்பு அதுதான். மைக்ரோலிட்டருக்கு 150-உம் அதற்கு மேலும் ஈசினோஃபில் உள்ளவர்களிடம் மும்மருந்து 0.95, இரட்டை விரிப்பான் 1.39. 150-க்குக் கீழே 0.85 எதிர் 0.97. இப்படிப் படிக்கட்டாக ஏறும் பயன் ஸ்டீராய்டின் உண்மையான வேலையைத்தானே காட்டுகிறது? காட்டலாம். ஆனால் ஸ்டீராய்டு நிற்பதால் பாதிக்கப்படுவோரும் இவர்களேதான். விஸ்டம் ஆய்வில் டையோட்ரோபியமும் சால்மெட்டராலும் தொடர, ஃபுளூட்டிகசோன் மட்டும் 12 வாரத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மொத்தத்தில் தீவிரமடைதல் கூடவில்லை; பின்னாய்வில் ஈசினோஃபில் மிகுந்து, முந்தைய ஆண்டில் அடிக்கடி முற்றியவர்களிடம் மட்டும் கூடியது. சன்செட் ஆய்வும் 300-க்கு மேற்பட்டவர்களைப் பற்றி அதையே சொன்னது. ஆக, ஈசினோஃபில் படிக்கட்டு இரண்டு விளக்கங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது. இரு கட்சிக்கும் சாதகமாகப் பேசும் சாட்சியை வைத்து எந்தக் கட்சியும் வெல்ல முடியாது. போகிற போக்கில் ஒன்று: 150-க்குக் கீழ் உள்ள அந்த வரிசையில் ஸ்டீராய்டு–விலாண்டரால் பிரிவின் விகிதம் 1.06. இரட்டை விரிப்பானைவிட அது அதிகம். ஃப்ளேமின் முடிவு இம்பாக்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது!

ஸ்டீராய்டு–விலாண்டரால் பிரிவில் பலர் முன்பு எடுத்த மஸ்கரினிக் தடுப்பானை (டையோட்ரோபியம் போன்ற விரிப்பானை) இழந்தார்களே, அங்கே ஏன் முதல் மாத வீழ்ச்சி அந்த அளவுக்கு இல்லை என்பது நியாயமான கேள்வி. இழந்தவர்களின் பங்கு அங்கே குறைவு என்பது ஒரு காரணம். விரிப்பான் நின்றால் மூச்சுத்திணறல் கூடுவதும் ஸ்டீராய்டு நின்றால் அழற்சி கிளர்வதும் ஒரே வகை நிகழ்வாகப் பதிவாகாது என்பது இன்னொன்று. இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

என் வாசிப்பு சரியானால், முன்னோட்டக் காலத்திலேயே எல்லோரையும் இரட்டை விரிப்பானுக்கு மாற்றிய ஓர் ஆய்வில் மும்மருந்தின் பயன் சுருங்க வேண்டும். டிரிபியூட் ஆய்வு அப்படிப்பட்டது. இரண்டு வாரம் எல்லோருக்கும் இன்டாகேட்டரால்–கிளைகோபைரோனியம். பிறகு பாதிப் பேர் பெக்லோமெத்தசோன் சேர்ந்த மும்மருந்துக்கு. விளைவு 0.50 எதிர் 0.59, அதாவது 15 சதவீதம், நம்பக எல்லை ஒன்றைக் கிட்டத்தட்டத் தொட்டபடி. இது நிரூபணம் ஆகாது, மருந்துகளும் ஆட்களும் வேறு. ஆனாலும் எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த அளவில் வந்திருக்கிறது.

மரணம் குறித்த கோரிக்கை தனிக் கட்டுரைக்குரியது. இரட்டை விரிப்பான் பிரிவில் 2,070 பேரில் 66 பேரும், மும்மருந்தில் 4,151 பேரில் 98 பேரும் இறந்தனர். அதை வைத்து உயிர்காக்கும் மருந்து என்று மருந்தின் விவரச்சீட்டில் எழுதத் தயாரிப்பாளர் அனுமதி கேட்டபோது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2020 ஆகஸ்டில் 14-க்கு 1 என்ற வாக்கில் மறுத்தது. ஸ்டீராய்டு நிறுத்தமே அங்கும் பேசுபொருளாக இருந்தது.

இந்த ஆய்வுகளை நம் நோயாளிகள்மேல் வைக்கும்போது சிக்கல் இரட்டிக்கிறது. ஃப்ளேம், இம்பாக்ட் இரண்டிலும் சேர, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் பத்தாண்டு புகைத்ததற்கு ஈடான பழக்கம் இருந்திருக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைக்காத பெண்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான கணக்கெடுப்பு, நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் இந்நோயைக் கண்டது. விறகடுப்பு முன் முப்பது வருஷம் ஊதுகுழலோடு உட்கார்ந்த அந்தப் பெண்களில் ஒருவர்கூட அந்த ஆய்வுகளின் வாசலைத் தாண்டியிருக்க முடியாது. குடற்புழு இருந்தால் ஈசினோஃபில் ஏறும். அப்போது 150, 300 என்ற எல்லைக்கோடுகள் எதைக் காட்டுகின்றன என்பது வேறு கேள்வி. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு காசநோய் அபாயத்தை உயர்த்துவதாக அவதானிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. காசநோய் அரிதான நாடுகளில் அது அடிக்குறிப்பு. இங்கே அது பேரத்தின் விலையையே மாற்றும்.

இந்நோய்க்கான சர்வதேச வழிகாட்டு நெறியான கோல்டு அறிக்கையின் 2023 பதிப்பு அறிகுறி மிகுந்தவர்களுக்கும் அடிக்கடி முற்றுபவர்களுக்கும் இரட்டை விரிப்பானில் தொடங்கச் சொல்கிறது. அடிக்கடி முற்றுபவர்களுக்கு ஈசினோஃபில் 300-க்கு மேலிருந்தால் மும்மருந்தில் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் மும்மருந்தில் தொடங்குவதற்கு நேரடித் தரவு இல்லை என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. அந்தத் தரவு வேண்டுமானால் ஸ்டீராய்டு தொடாதவர்களை மட்டும் சேர்த்து, புகைப்பழக்க நிபந்தனையை எடுத்துவிட்டு, காசநோயை முன்கூட்டியே வரையறுத்த பாதக விளைவாக எண்ணும் ஓர் ஆய்வு நடக்க வேண்டும். அதுவரை, இன்ஹேலரையே பார்த்திராத ஒருவருக்கு இம்பாக்டின் பெயரால் மும்மருந்து எழுதுவதற்குச் சான்று இல்லை.