ஒரு மாதத்தில் எழுதிய நிரல்



நம் பள்ளியில் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது டி.என்.ஏ. தரவுகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறாள். "கம்ப்யூட்டர் படிச்சவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யிற இடத்துல என்ன சார் வேலை?" என்று அவள் பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலாக ஒரு வரலாற்றையே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஏடு. மனிதனுக்கு அதில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி அன்று கிடையாது. ஒரு தடவைக்குச் சுமார் 500 எழுத்துகள்தான் படிக்க முடியும். ஆகவே பல பிரதிகளைத் துண்டு துண்டாக்கிப் படித்து, ஒரு துண்டின் வால் இன்னொரு துண்டின் தலையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கோக்க வேண்டும். ஒரே நாள் தினசரியின் பத்துப் பிரதிகளைத் தாறுமாறாகக் கிழித்துக் கலந்து, அதிலிருந்து ஒரு முழுத் தாளை மீட்பது போல.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பாதி, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். 'அலு' என்ற 300 எழுத்துத் துண்டு மட்டுமே பத்து லட்சம் தடவைக்கு மேல் வருகிறது. பாட்டில் பல்லவி மட்டும் எழுதிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, "இது எந்தச் சரணத்துக்கு அப்புறம் வந்த பல்லவி?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இந்த வேலைக்குக் கணினியை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1962-லேயே ராபர்ட் லெட்லியுடன் சேர்ந்து, புரதத் துண்டுகளைக் கோக்க ஐபிஎம் இயந்திரத்தில் ஃபோர்ட்ரான் நிரல் எழுதினார். அமினோ அமிலங்களுக்கு இன்று மாணவர்கள் எழுதும் ஓரெழுத்துக் குறியீடும் அவர் கொடுத்ததுதான். டி.என்.ஏ.வுக்கு வந்தால், 1977-ல் கேம்பிரிட்ஜில் சாங்கர் குழு படித்த வைரஸில் இருந்தவை ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். அங்கேயே ராட்ஜர் ஸ்டேடன் துண்டுகளைக் கோக்கும் நிரல்களை எழுதி 1979-ல் வெளியிட்டார். ஐயாயிரத்துக்கே கணினி தேவைப்பட்டது என்றால் 300 கோடிக்கு?

இனி முக்கியமான கட்டம். 1990-ல் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டம் பொதுப்பணத்தில் நடந்தது. படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்பது 1996-ல் பெர்முடாவில் கூடி அவர்கள் வகுத்த நெறி. 1998-ல் கிரெய்க் வென்டரின் செலரா என்ற தனியார் நிறுவனம் போட்டிக்கு வந்தது. தரவைச் சந்தா கட்டியவர்களுக்கு விற்பது அவர்கள் வியாபாரம். மரபணுக்களுக்குக் காப்புரிமை வாங்கிவிடுவார்களோ என்ற பயமும் பரவியது. மஞ்சளுக்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்ததால் 1997-ல் ரத்தான கதை தெரிந்த நமக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

செலராவிடம் பெரிய காம்பாக் ஆல்ஃபா கணினிகள் இருந்தன. பொதுத் திட்டத்திடமோ சுமார் 30,000 பெருந்துண்டுகளுக்குள் சிதறிக் கிடந்த 4 லட்சம் சிறு தொடர்கள். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் டேவிட் ஹாஸ்லரின் உதவியைக் கேட்டிருந்தார்கள். 2000 மே மாதம் வரை வேலை நகரவில்லை.

அப்போதுதான் ஜிம் கென்ட் முன்வந்தார். நாற்பது வயதில் உயிரியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதற்கு முன்பு அசைபடம் வரையும் கணினி நிரல்களை எழுதிப் பிழைத்தவர். விண்டோஸுக்கு நிரல் எழுதுவோருக்கான தொகுப்பு 12 குறுந்தகடுகளில் வந்ததாம், மனித டி.என்.ஏ. முழுவதும் ஒரே தகட்டில் அடங்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறவும் மாறாது என்று நினைத்து இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எழுத்துக்கு 2 பிட், 300 கோடி எழுத்துக்கு 75 கோடி பைட். ஏறக்குறைய ஒரு தகடுதான்!

நான்கே வாரத்தில் சி மொழியில் சுமார் 10,000 வரி எழுதினார். இரவில் மணிக்கட்டுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு எழுதினாராம். நிரலின் பெயர் கிக்அசெம்ப்ளர். ஓடியது 100 பென்டியம் 3 கணினிகளில். பல்லவிச் சிக்கலுக்கு அவர் கையாண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. வாலும் தலையும் ஒத்துப்போவதை மட்டும் நம்பாமல், வேறு சாட்சிகளையும் அழைத்தார். ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ. இரண்டு துண்டுகளிலும் பொருந்தினால் அவை அருகருகே இருந்தவை. ஒரே நீளத் துண்டின் இரு முனைகளையும் படித்திருந்தால் அதுவும் ஒரு பாலம். சாட்சிகள் முரண்பட்டால் வலுவானதை முதலில் ஏற்றார்.

ஜூன் 22-ல் கோத்து முடித்தார். செலரா முடித்தது மூன்று நாள் கழித்து. ஜூன் 26-ல் வெள்ளை மாளிகையில் கிளின்டன் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அறிவித்தார். ஜூலை 7-ல் சான்டா குரூஸ் குழு முழுத் தொகுப்பையும் இணையத்தில் போட்டது. கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை.

செலராவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய ஜீன் மையர்ஸ் குழுவின் முறை அபாரமானது, பின்னால் பல உயிரினங்களுக்கு அதுவே வழியானது. ஆனால் அவர்கள் பொதுத் திட்டத்தின் தரவையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று வந்தது வரைவுதான், ஓட்டைகள் நிறைய. 2003-ல் முடிந்தது என்றார்கள். அப்போதும் அந்தப் பல்லவிப் பகுதிகள் பல அடைபடவில்லை. நீளமாகப் படிக்கும் புதிய கருவிகளும் அவற்றுக்கான புதிய நிரல்களும் வந்த பிறகு 2022-ல்தான் அவை நிரம்பின. ஆண்களின் ஒய் குரோமோசோம் 2023-ல். கென்ட் தொடங்கிய ஜீனோம் பிரவுசர் இன்றும் இலவசமாகத் திறந்திருக்கிறது. பாட்டியம்மா, உங்கள் பேத்தி தினமும் காலையில் கணினியில் திறந்து வைத்துக்கொள்வது அதைத்தான்.