நட்பு அழைப்பில் தொடங்கும் உளவு: இரகசியம் கசிவது எப்படி, சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: இந்தியக் கடற்படையினர் 7 பேரையும் ஹவாலா முகவர் ஒருவரையும் கைது செய்துள்ளதாக 2019 டிசம்பர் 20-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அறிவித்தது. 'டால்பின்ஸ் நோஸ்' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் கடற்படை உளவுப் பிரிவும் பங்கேற்றது. வழக்கைப் பின்னர் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) ஏற்றுக்கொண்டது.

பெண்களின் பெயரில் இயங்கிய சமூக ஊடகக் கணக்குகள் வழியாகப் பழகி, போர்க்கப்பல்களின் இருப்பிடம், நகர்வு குறித்த தகவல்களைப் பாகிஸ்தான் உளவாளிகள் பெற்றனர் என்பதே குற்றச்சாட்டு. அந்த மாத இறுதியிலேயே, கடற்படைத் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போன்களுக்கும் முகநூலுக்கும் தடை விதிக்கப்பட்டது. 2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு இராணுவம் தனது வீரர்களுக்கு உத்தரவிட்டது.

கணினியை விடுத்து மனிதரின் நம்பிக்கையைக் குறிவைக்கும் இம்முறை 'சமூகப் பொறியியல்' எனப்படுகிறது. (தேர்தல் செய்திகளில் சாதிக் கூட்டணிக் கணக்கைக் குறிக்கும் அதே சொல்தான், பொருள் வேறு.) 'ஹனி டிராப்' என்ற பெயர் பிரபலமானாலும், அது முழுமையான சித்திரத்தைத் தருவதில்லை. வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறியும், உயரதிகாரி போலத் தொலைபேசியில் அதட்டியும் தகவல் கறக்கப்படுவதுண்டு.

தொடக்கத்தில் எவரும் இரகசியம் கேட்பதில்லை. எங்கே பணி, விடுமுறை எப்போது, கப்பல் எப்போது கரை திரும்பும் என்பன போன்ற சாதாரணக் கேள்விகளே வரும். ஒருவரின் பதில் தனித்துப் பார்த்தால் அற்பமானது; பலரின் பதில்களைச் சேர்த்தால் ஒரு படைப்பிரிவின் நடமாட்டம் புலப்பட்டுவிடும். சிறு தொகை கைமாறிய பின், அதையே காட்டி மிரட்டுவது எளிது. உறவினர் பகிரும் புகைப்படமும் இவ்வாறு பயன்படக்கூடும்.

அரசு ஆவணங்கள் மிக இரகசியம், இரகசியம், மந்தணம், வரையறுக்கப்பட்டது என நான்கு நிலைகளாக வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றைக் காக்கும் முதன்மைச் சட்டம், ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டம். பாதுகாப்புத் துறை தொடர்பான உளவுக்கு அதன் 3-ஆவது பிரிவின்கீழ் 14 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உள்நாட்டில் எதிர் உளவுப் பணியை முதன்மையாக மேற்கொள்வது உளவுத்துறை (ஐபி).

பலர் அறியாதது 5-ஆவது பிரிவு. இரகசியத்தை உரிமையற்றவரிடம் தெரிவிப்பவர் மட்டுமின்றி, தன் பொறுப்பிலுள்ள இரகசிய ஆவணத்தை உரிய கவனத்துடன் பாதுகாக்கத் தவறுபவரும் குற்றவாளியே. இரகசியம் என்பதை அறிந்தோ, அவ்வாறு கருத நியாயமான காரணம் இருந்தோ அதைப் பெறுபவருக்கும் இப்பிரிவு பொருந்தும். தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.

இத்தகைய வழக்குகளின் விசாரணையின்போது பொதுமக்களை வெளியேற்றுமாறு அரசுத் தரப்பு கோரலாம். ஆனால் தண்டனையைத் திறந்த நீதிமன்றத்தில்தான் அறிவிக்க வேண்டும்.