‘வேண்டாம்’ என்பதன் பொருளை எழுதுவது யார்? பள்ளி நிதி வாக்கெடுப்பும் சொத்து வரியும்: ஒஹாயோ, மிச்சிகன் அனுபவங்கள்

அமெரிக்காவில் ஓர் ஊர் தன் பள்ளிக்கான வரியை வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்துவிட்ட முதியவர்கள் அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லாமல் எதிர்த்தார்கள் என்பது ஒன்று. பள்ளி வாரியம் ஊதாரித்தனமாகச் செலவழித்து ஊரின் நம்பிக்கையை இழந்தது என்பது மற்றொன்று. முதல் காரணத்துக்கு ஆய்வுலகில் ஆதாரமும் உண்டு. முதியோர் விழுக்காடு கூடிய மாநிலங்களில் மாணவர் ஒருவருக்கான செலவு குறைவாக இருப்பதையும், முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் வெவ்வேறு இனத்தவராக இருக்குமிடத்தில் அக்குறைவு மிகுவதையும் ஜேம்ஸ் பொட்டர்பா 1997இல் எடுத்துக்காட்டினார். அந்த முடிவோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வாக்காளரின் மனத்தைத் துருவும் இவ்விளக்கங்கள் அவர் கையிலுள்ள வாக்குச்சீட்டைத் துருவுவதில்லை. ‘வேண்டாம்’ வென்றால் பள்ளியின் கதி என்ன? அதை எழுதிவைத்திருப்பது ஊரல்ல, மாநிலச் சட்டமன்றம். ஊர்க் கூட்டங்களில் எழும் கசப்பில் பெரும்பகுதி அங்கே விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான கோட்பாட்டுக் கருவி புதிதல்ல. தாமஸ் ரோமரும் ஹோவர்ட் ரோசன்தாலும் 1970களின் இறுதியில் ஒரேகான் மாநிலத்துப் பள்ளி வாக்கெடுப்புகளை வைத்து ஒன்றைச் சொன்னார்கள். வாரியம் ஒரு தொகையை முன்வைக்கிறது. வாக்காளர் அதை ஏற்கலாம் அல்லது தள்ளலாம், திருத்த முடியாது. தள்ளினால் சட்டப்படி என்ன தொகை கிடைக்குமோ அதுவே மீள்நிலை. மீள்நிலை எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அவ்வளவு பெரிய தொகைக்கு வாரியம் சம்மதம் வாங்கிவிட முடியும். அந்த ஆய்வு வாரியங்களின் பேரத் திறனை அளந்தது. நான் எடுத்துக்கொள்வது அதன் மறுபக்கத்தை: மீள்நிலை என்னவென்று வாக்காளர் கண்ணுக்குத் தெரியாதபோது விவாதம் என்னவாகிறது?

ஒஹாயோ இதற்குப் பொருத்தமான களம். அங்கே 600க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. வாக்கெடுப்பு இல்லாமல் விதிக்கக்கூடிய சொத்து வரிக்கு உச்சவரம்பு 10 மில். அதையும் பள்ளி, நகராட்சி, கவுன்டி எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மில் என்பது வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு ஒரு டாலர். அதற்கு மேல் வேண்டிய ஒவ்வொரு மில்லுக்கும் ஊர் வாக்களித்தாக வேண்டும். இதுவரை வழக்கமான ஏற்பாடுதான். சிக்கல் 1976இல் வந்தது. பணவீக்கத்தால் வீட்டு மதிப்புகள் ஏற, வரியும் கூடவே ஏறியதைக் கண்டு மக்கள் கொதித்தனர். சட்டமன்றம் 920ஆம் எண் மசோதாவை நிறைவேற்றியது. அதன்படி மறுமதிப்பீட்டில் வீட்டின் மதிப்பு ஏறினால், வாக்கெடுப்பில் பெற்ற வரியின் விகிதம் தானாகவே இறங்கும். ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து பள்ளிக்கு வரும் டாலர் தொகை அப்படியே நிற்கும். 1980இல் இந்தக் கொள்கை மாநில அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் 2,00,000 டாலர் பெறும் வீட்டுக்கு ஒஹாயோவில் வரிக்குரிய மதிப்பு 35 விழுக்காடு, அதாவது 70,000 டாலர். ஊர் 5 மில் வரிக்கு ஒப்புக்கொண்டால் அந்த வீட்டுக்காரர் ஆண்டுக்கு 350 டாலர் கட்டுவார். ஊரெங்கும் வீட்டு விலை 40 விழுக்காடு ஏறி, இவர் வீடு 2,80,000 ஆனாலும் அந்த வரிக்காக அவர் கட்டுவது அதே 350 டாலர். 5 மில் ஏறக்குறைய 3.57 ஆகச் சுருங்கிவிடும். வீட்டுக்காரருக்கு நிம்மதி. பள்ளிக்கோ ஆசிரியர் சம்பளம், பேருந்துக்கு டீசல், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஏறியிருக்க, வரவு மட்டும் பழைய ஆண்டின் டாலரில் உறைந்து கிடக்கும். சில ஆண்டுகளில் பற்றாக்குறை வந்தே தீரும். வாரியம் நல்லபடி நடத்தினாலும் வரும், மோசமாக நடத்தினாலும் வரும்.

ஆகவே வாரியம் மறுபடி ஊரிடம் போகிறது. இங்கேதான் அந்தப் பழகிப்போன சண்டை தொடங்குகிறது. “மூன்று வருஷத்துக்கு முன்னாடிதானே கொடுத்தோம், அந்தப் பணம் என்ன ஆச்சு?” என்கிறார் எதிர்ப்பவர். “நாங்கள் எதையும் கூட்டவில்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம்” என்கிறது வாரியம். இரண்டும் உண்மை. வாக்காளர் கண்ணுக்கு ‘வேண்டாம்’ என்பது இருக்கும் நிலையை அப்படியே வைக்கும் வாக்கு. நிதி அலுவலரின் ஏட்டிலோ அது ஆண்டுதோறும் கொஞ்சம் வெட்டும் வாக்கு. ஒரே சொல்லுக்கு இரு தரப்பும் இரு விளைவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசும்போது ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்றுதான் கருதுவார். குறிப்பிட்ட தொகையைத் திரட்டும் ஒருவகை வரிக்கு நெடுங்காலம் ‘அவசர வரி’ என்றே பெயர் இருந்தது. சில மாவட்டங்கள் அதைத் தலைமுறைக் கணக்கில் புதுப்பித்து வந்திருக்கின்றன. முப்பது ஆண்டு நீடிக்கும் அவசரத்தை எந்த ஊர் நம்பும்?

வாக்குச்சீட்டின் மொழியும் உதவவில்லை. அண்மைக் காலம்வரை அதில், மதிப்பின் ஒவ்வொரு நூறு டாலருக்கும் இத்தனை சென்ட் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். அந்த மதிப்பு சந்தை மதிப்பா, அதில் 35 விழுக்காடா என்பது சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்காது. வீட்டின் மதிப்பில் 1,00,000 டாலருக்கு இத்தனை டாலர் என்று எழுத வேண்டும் என்ற திருத்தம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. நல்ல திருத்தம், ஆனால் பாதித் திருத்தம். ‘ஆம்’ என்றால் என்ன செலவு என்பதைச் சீட்டு இப்போது தெளிவாகச் சொல்கிறது. ‘இல்லை’ என்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அந்த இடத்தை வதந்தியும் வாரியத்தின் மிரட்டலும் நிரப்புகின்றன: பள்ளிப் பேருந்தைச் சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்குக் குறைப்போம், விளையாட்டில் சேரக் கட்டணம் வாங்குவோம், இசை வகுப்பை நிறுத்துவோம். இவற்றைப் பல மாவட்டங்கள் செய்தும் காட்டியிருக்கின்றன.

எதிர்ப்பவர் தரப்பில் இன்னொரு நியாயமும் உண்டு. வரி ஆதரவாளர்கள் அதை எளிதில் தாண்டிப் போய்விடுகிறார்கள். விகிதம் சுருங்கும் விதிக்கு ஒரு தரை உண்டு: பள்ளியின் நடப்புச் செலவுக்கான வரி 20 மில்லுக்குக் கீழே இறங்காது. அந்தத் தரையைத் தொட்டுவிட்ட மாவட்டங்களில், அவற்றுள் பல கிராமப்புறத்தவை, மதிப்பு ஏறினால் வரியும் கூடவே ஏறி வந்தது. 2023ஐ ஒட்டிய மறுமதிப்பீடுகளில் பல கவுன்டிகளில் வீட்டு மதிப்பு 30 விழுக்காட்டையும் தாண்டி உயர்ந்தபோது, அங்கே வாக்கே கேட்காமல் வரி எகிறியது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு வீட்டின் மதிப்பு ஏறியதால் கையில் காசு கூடவில்லை. அடுத்தடுத்த இரு மாவட்டங்களில், ஒன்றில் உறைந்த வரவும் மற்றொன்றில் வீங்கிய வரியும் இருக்க, இரண்டிலும் ஒரே கோபம். அக்கோபத்தை மூத்தவர்களின் கருமித்தனம் என்று ஒரே பெயரிட்டு அழைப்பது ஆய்வாகாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தச் சண்டையே விந்தையாகப் படலாம். நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. அதற்கு யாரும் நம்மிடம் வாக்குக் கேட்டதில்லை. 2022இல் நகரங்களின் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியதும் அரசின் முடிவுதான்.

ஒஹாயோவிலோ சண்டை நீதிமன்றம் வரை போனது. மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் டிரால்ஃப் வழக்கில், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், சொத்து வரியையே பெரிதும் நம்பியிருக்கும் இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. தீர்ப்பில் மனத்தில் நிற்பவை கட்டடங்கள் பற்றிய பகுதிகள்: இரவில் படிந்த கரித்தூள் காலையில் மாணவர் மேசைகளை மூடியிருந்தது; ஓரிடத்தில் வாத்தியக் குழுவினர் காற்றோட்டமே இல்லாத பழைய நிலக்கரிக் கிடங்கில் பயிற்சி செய்தார்கள். இந்தக் காட்சிகள் பலித்தன. அதே ஆண்டு மாநிலம் பள்ளிக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையத்தை அமைத்து, ஏழை மாவட்டங்களுக்கு முன்னுரிமை தந்து, பழைய கட்டடங்களை மாற்றத் தொடங்கியது. ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் தரும் நடப்புச் செலவு வாக்குச்சீட்டின் தயவிலேயே தொடர்ந்தது. அதன்பின் 2002 வரை நீதிமன்றம் இவ்வழக்கில் பலமுறை தீர்ப்புச் சொன்னது. இறுதியாகவும் முறை செல்லாது என்றே சொல்லி, வழக்கை முடித்துக்கொண்டது.

மிச்சிகன் நேர் எதிர்த் திசையில் போனது. அங்கு வட பகுதியில் உள்ள கால்காஸ்கா என்னும் சிற்றூர்ப் பள்ளி மாவட்டத்தில் வரிக் கோரிக்கை மும்முறை தோற்றது. பாடங்களையும் ஆட்களையும் வெட்டி ஆண்டை ஓட்டுவதற்குப் பதில், பணம் இருக்கும்வரை முழுப் பள்ளியாக நடத்திவிட்டு, 1993 மார்ச் 24 அன்று வாரியம் கதவைச் சாத்தியது. கல்வியாண்டு முடியப் பத்து வாரம் இருந்தது. மீள்நிலையைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கிய செயல் அது. அரசியல் நாடகம் என்று அதை இகழ்ந்தவர்கள் உண்டு. நாடகமாகவே இருக்கட்டும், நாடெங்கும் செய்தியானது.

அவ்வாண்டு ஜூலையில் நடந்தது இன்னும் விசித்திரம். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜான் எங்லர் சொத்து வரியைக் குறைக்கப் பேசிக்கொண்டிருக்க, ஜனநாயகக் கட்சிச் செனட்டர் டெபி ஸ்டபெனாவ் பள்ளிகளின் நடப்புச் செலவுக்கான சொத்து வரியை அடியோடு நீக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியது, ஆளுநரும் கையெழுத்திட்டார். மாற்று வருவாய் எதுவும் அப்போது தயாராக இல்லை. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில்தான் ஏற்பாடு முடிவானது. 1994 மார்ச் 15 அன்று வாக்காளர் முன் ‘முன்மொழிவு ஏ’ வந்தது. ஏற்றால் விற்பனை வரி 4இலிருந்து 6 விழுக்காடாகும், சிகரெட் வரி பாக்கெட்டுக்கு 25 சென்டிலிருந்து 75 சென்டாகும், வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 விழுக்காடு அல்லது பணவீக்கம், இவற்றில் குறைந்ததற்கு மேல் ஏறாது. நிராகரித்தால் வருமான வரி 4.6இலிருந்து 6 விழுக்காடாகும். இரண்டில் எது வென்றாலும் பள்ளிக்குப் பணம் உண்டு. ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் ஏற்றனர்.

பொருளியலாளர் வில்லியம் ஃபிஷலின் வலுவான மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். பிள்ளையில்லாத வீட்டுக்காரரும் பள்ளிக்கு வாக்களிக்கக் காரணம், நல்ல பள்ளி தன் வீட்டின் விலையைத் தாங்கும் என்ற கணக்கு. நிதியை மாநிலத்துக்கு மாற்றினால் அந்தக் கயிறு அறுந்துவிடும் என்கிறார் அவர். கலிஃபோர்னியாவில் செரானோ தீர்ப்பு மாவட்டங்களின் நிதியைச் சமன்படுத்தியதால்தான் 1978இல் ‘முன்மொழிவு 13’ சொத்து வரியை 1 விழுக்காட்டில் அடைத்தது என்பது அவர் வாதம். வீட்டு விலைக் கணக்கு உண்மையானதே: கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடக் கடன்கள் மயிரிழையில் வென்ற மாவட்டங்களில் வீட்டு விலை உயர்ந்ததை செலினி, ஃபெரெய்ரா, ரோத்ஸ்டீன் 2010இல் நிறுவினர். ஆனால் அதே கணக்கு, விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊருக்கே ஓயாமல் சாதகமாகிறது. ரோட்ரிகஸ் வழக்கில் 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னிருந்த எண்களைப் பார்த்தால் போதும். டெக்சாஸின் எட்ஜ்வுட் மாவட்டம் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி விதித்து மாணவருக்கு 26 டாலர் திரட்டியது. பக்கத்து அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் விதித்து 333 டாலர் திரட்டியது. அதிக விருப்பம் காட்டிய ஊருக்குக் குறைந்த பணம். நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதில் தலையிட மறுத்தது. மேலும், மிச்சிகன் நிதியை மாநிலத்துக்கு மாற்றியபோது எந்த நீதிமன்றமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. மீள்நிலை நேர்மையாக எழுதப்பட்டிருந்த சீட்டில் வாக்காளர்களே அதன் வடிவத்தைத் தேர்ந்தார்கள்.

மிச்சிகன் சொர்க்கமல்ல. பணம் மாணவர் பின்னால் போவதால், மாணவர் குறைந்த டெட்ராய்ட் போன்ற மாவட்டங்கள் நொடித்தன. கட்டடச் செலவை அம்மாநிலம் உள்ளூர் வாக்கெடுப்புக்கே விட்டுவிட்டது. 2016 ஜனவரியில் டெட்ராய்ட் ஆசிரியர்கள் கூட்டாக விடுப்பெடுத்து வகுப்புகளை நிறுத்தியபோது, பூஞ்சை பிடித்த சுவர்களும் எலிகளும் அவர்கள் முறையீட்டில் இருந்தன. ஒஹாயோ கட்டடத்தை மீட்டு வகுப்பைச் சூதாட்டத்தில் விட்டது என்றால், மிச்சிகன் வகுப்பை மீட்டுக் கட்டடத்தை விட்டது. இரண்டில் ஒன்றை வாக்குக்கு விட்டே ஆக வேண்டுமென்றால் கட்டடத்தை விடலாம் என்பது என் கணிப்பு. அதன் செலவு ஒருமுறைக்கானது, பலனைக் கண்ணால் பார்க்கலாம், ‘வேண்டாம்’ என்றால் பழைய கட்டடமே மிஞ்சும் என்பது எல்லாருக்கும் விளங்கும். ஆனால் ஊரின் செல்வத்துக்கு ஏற்ப மாநிலம் பங்கு போடாவிட்டால் அதுவும் நியாயமாகாது. ஆசிரியர் சம்பளம் அப்படியல்ல. கிராபோ ஜாக்சனும் உடன் ஆய்ந்தோரும் 2016இல் காட்டியபடி, பள்ளிக் காலமான பன்னிரண்டு ஆண்டுகளும் செலவு 10 விழுக்காடு கூடியிருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஊதியம் பெற்றார்கள். இடையறாமல் பாய வேண்டிய பணத்தைச் சில ஆண்டுகளுக்கொரு முறை ஊரைக் கூட்டி நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதில் பொருளில்லை.

ஒஹாயோவில் 2025இல் சொத்து வரியையே அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒழிக்கக் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. 1993 ஜூலையில் மிச்சிகன் செய்ததைப் போலத்தான் இது முதற்பார்வையில் தெரியும். ஆனால் மிச்சிகனில் வரியை நீக்கியவர்களே மாற்று வருவாயைத் தேட வேண்டியிருந்தது, அடுத்த கல்வியாண்டு என்ற கெடுவும் அவர்கள் தலைமேல் தொங்கியது. மாற்றை உருவாக்கிய பிறகே மக்களிடம் போனார்கள். ஒஹாயோ திருத்தத்தின் வாசகத்திலோ மாற்று வருவாய் பற்றி எதுவும் இல்லை. இங்கே பொருள் எழுதப்படாமல் நிற்பது ‘ஆம்’ என்ற வாக்கு.