பாலு என்னும் கரடி

1993இல் தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பான ‘ஜங்கிள் புக்’ தொடர் ஒரு நீண்ட பயணத்தின் முடிவில் தில்லியை அடைந்தது. ருட்யார்ட் கிப்ளிங் 1894, 1895 ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்ட இரு நூல்களையும் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 52 பகுதிகள் கொண்ட ஓவியத் தொடராக்கியது. அது 1989–90இல் அங்கே ஒளிபரப்பாயிற்று. இந்தி வடிவத்திற்குக் குல்சார் பாடல் எழுதினார். விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர் கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்தார். இத்தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் பாடலோடு நின்றுவிடுகிறது. மொழியாய்வுக்கு அதைவிடச் சுவையான செய்தி விலங்குகளின் பெயர்களில் இருக்கிறது.

கிப்ளிங் இந்துஸ்தானிப் பொதுப்பெயர்களை எடுத்து ஆங்கிலத்தில் சிறப்புப்பெயர்களாக்கினார். ‘அகேலா’ என்றால் தனியன். ‘பகீரா’ சிறுத்தையைக் குறிக்கும் சொல். ‘ஹாத்தி’ வெறும் யானை. ஆங்கில வாசகருக்கு இவை பொருள் விளங்காத, அதனாலேயே கவர்ச்சியுள்ள ஒலிகள். ரஷ்யத் திரைவடிவம் பகீராவைப் பெண்ணாகவே ஆக்கிவிட்டது; ஆகாரத்தில் முடியும் பெயர் அம்மொழியில் பெண்பாலாக ஒலிப்பது இதற்கு வழிவகுத்தது. இந்திக்குத் திரும்பியதும் இப்பெயர்களின் பொருள் மீண்டும் விழித்துக்கொண்டது. இதை மொழிபெயர்ப்பு என்பதைவிடப் பிறந்தகம் திரும்புதல் என்பதே பொருந்தும்.

ஆனால் எல்லாருக்கும் அது பிறந்தகம் அன்று. இந்தி அறியாத சென்னைக் குழந்தைக்கு அகேலா ஓர் ஓநாயின் பெயர், அவ்வளவே. தில்லியின் கிட்வாய் நகர் போன்ற மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளோ வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசியவர்கள். அவர்களுக்கு அகேலா பெயராகவும் சொல்லாகவும் ஒருசேரக் கேட்டது. தேசிய ஒளிபரப்பைத் திணிப்பு என்ற ஒற்றைச் சட்டகத்தில் மட்டும் வைத்து எழுதப்படும் தமிழ் ஊடக வரலாற்றில் இந்தக் குழந்தைகளுக்கு இடமே இல்லை. திணிப்பு பற்றிய வாதம் தவறென்று இதற்குப் பொருளில்லை. அது சென்னையிலிருந்து பார்த்து எழுதப்பட்டது என்பதே குறை.

கரடியின் பெயர் இதற்கு நல்ல சான்று. கரடியைக் குறிக்கும் இந்திச் சொல்லின் முதலெழுத்து மூச்சொலியுடையது. கிப்ளிங்கின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அம்மூச்சு உதிர்ந்துவிட்டது. மூச்சின்றிச் சொன்னால் இந்தியில் அது மணல். தமிழிலோ மூச்சொலி வேறுபாடே கிடையாது; எழுதிப் பார்த்தால் கரடியும் மணலும் பக்கத்து வீட்டுப் பாலசுப்பிரமணியனும் ஒரே ‘பாலு’தான். இம்மூன்றையும் காதால் பிரித்தறிய வேண்டிய தேவை கிட்வாய் நகர்க் குழந்தைக்கு இருந்தது. திருச்சிக் குழந்தைக்கு இல்லை.

நாயகனின் பெயர் மட்டும் எந்த மொழிக்கும் சொந்தமில்லை. அது தாமே புனைந்தது என்று கிப்ளிங் எழுதியிருக்கிறார். முதலசையை ‘மௌ’ என ஒலிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜப்பானியத்தில் அது ‘மோ’ என நீண்டது. இந்தியிலும் ‘மோக்லி’யே நிலைத்தது.