கருநீல உலகம்: வென்றோர் கண்ட சிறை

ஒரு நாட்டின் போர் வரலாறு களத்தோடு முடிந்துவிடுவதில்லை. களம் கண்டு மீண்டவரை அந்நாடு எவ்வாறு எதிர்கொண்டது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே ஆகும். இவ்வுண்மையைத் திரையில் பதிவு செய்த படைப்பு, 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'கருநீல உலகம்' என்னும் செக் திரைப்படம். தந்தை ஸ்தெனெக் ஸ்வெராக் எழுத, மகன் யான் ஸ்வெராக் இயக்கியது அது.

1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராகு நகருள் புகுந்தது. செக்கோஸ்லோவாகிய வான்படை போரிடும் வாய்ப்பே இன்றிக் கலைக்கப்பட்டது. அடிபணிய மனமில்லாத விமானிகள் பலர் கரவாக எல்லை கடந்து போலந்து சென்றனர். பின்னர்ப் பிரான்சு அடைந்தனர். 1940இல் அந்நாடும் வீழவே பிரிட்டன் சேர்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் டக்ஸ்ஃபோர்டு தளத்தில் அவர்களுக்கென 310ஆம் போர் விமானப் பிரிவு தோன்றியது. 311, 312, 313ஆம் பிரிவுகள் அதனைத் தொடர்ந்தன. பிரிட்டானிய வான்படையில் பணியாற்றிய செக்கோஸ்லோவாகியர் ஏறத்தாழ 2,500 பேர். அவருள் ஏறத்தாழ 500 பேர் தாயகம் திரும்பவில்லை.

திரைப்படம் இப்பெருங்கதையை இரு நண்பர் வழியே சொல்கிறது. மூத்தவர் பிரான்டிஷெக், இளையவர் காரெல். வானில் பறந்து பழகியோர் வகுப்பறையில் ஆங்கிலம் பயில்வதும், மிதிவண்டிகளில் அணிவகுத்துப் பயிற்சி பெறுவதும் நகைச்சுவையாய்க் காட்டப்பெறினும், மொழியும் மண்ணும் இழந்தோரின் தாழ்வு அக்காட்சிகளில் உள்ளது. ஓர் ஆங்கிலப் பெண்ணின் பொருட்டு நட்பு முறிகிறது. எனினும், கடலில் வீழ்ந்த பிரான்டிஷெக்கைக் காக்கத் தாழப் பறந்த காரெல் தன் உயிரையே இழக்கிறான்.

இக்காதற் கதை படத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது ஒரு குறையே. படத்தின் உயிர்நிலை பிறிதோர் இடத்தில் உள்ளது. கதை தொடங்குவது 1950ஆம் ஆண்டு மீரோவ் சிறையில். போர்க்காட்சிகள் யாவும் அச்சிறையில் நோயுற்றுக் கிடக்கும் பிரான்டிஷெக்கின் நினைவுகளே. அவருக்கு மருத்துவம் பார்ப்பவரோ ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்த ஜெர்மானியர். வென்றவரும் தோற்றவரும் ஒரே கூரையின்கீழ்க் கைதிகள்!

இது கற்பனையின் மிகையன்று. 1948 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய பொதுவுடைமைக் கட்சி, மேலைநாட்டுப் படைகளில் போரிட்டோரை ஐயத்துடனே நோக்கியது. பிரிட்டானிய விமானப் பிரிவொன்றுக்குத் தலைமை ஏற்ற முதற் செக்கோஸ்லோவாகியர் பிரான்டிஷெக் ஃபாய்ட்ல். 1942இல் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டும் பகைவர் கையகப்படாமல் ஸ்பெயின் வழியே மீண்டவர். 1944இல் சோவியத் நாடு சென்று, ஸ்லோவாகிய எழுச்சிக்குத் துணைநின்ற விமானப் பிரிவையும் நடத்தியவர். அவரும் 1950இல் மீரோவ் சிறையில் அடைக்கப்பட்டார். செஞ்சேனையின் பக்கம் நின்று போரிட்டதும் அவரைக் காக்கவில்லை. பின்னாளில் தம் பட்டறிவை அவரே நூல்களாக எழுதி வைத்தார்.

படத்தின் பெயர் ஒரு பாடலின் பெயர். அதற்கு இசையமைத்த யாரோஸ்லாவ் யெஷெக் பார்வை பெரிதும் குன்றியவர். மங்கும் பார்வைக்குத் தோன்றும் உலகமே அப்பாடலின் பொருள். 1939இல் நாடு நீங்கிய அவர், 1942இல் நியூயார்க்கில் மறைந்தார். விமானிகளின் வானத்திற்கும் சிறையின் இருளுக்கும் அப்பெயர் ஒருங்கே பொருந்துவதைக் கவிதை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

விமானிகளின் நற்பெயரை அரசு முழுமையாக மீட்டளித்தது 1991இல்தான். 2014இல் பிராகின் கிளாரோவ் பகுதியில் அவர்கள் நினைவாகச் சிறகு விரித்த சிங்கச் சிலை எழுந்தது. அவர்களுள் நெடிது வாழ்ந்த போர் விமானி எமில் போச்செக் 2023இல் தம் நூறாம் அகவையில் மறைந்தார். அரசு வாய்மூடி இருந்த நாற்பதாண்டுகளில் இவ்வரலாறு அழியாதிருந்தது, ஃபாய்ட்ல் போன்றோர் எழுதி வைத்தமையால். குடும்பங்கள் நெஞ்சில் பொதிந்து காத்தமையால். ஆட்சி மறைத்ததை எழுத்து காத்தது. எழுத்து காத்ததைத் திரை உலகறியச் செய்தது.